கடையில் நல்லம், வீட்டில் பழுது

"எவ்வளவு சின்னச் சாமான், சேர்?" என்று கேட்டார் ஜெமீல் காக்கா.

நான் விரல் நுனியைக் காட்டினேன். "அரிசி மாதிரி. சிலது அதைவிடச் சின்னன்."

"அப்ப மீற்றர் பிரச்சினை இல்ல. புரோப்தான் பிரச்சினை."

எனக்கு மீற்றரே பிரச்சினையாக இருந்தது. இவர் அதற்குள் அடுத்த பிரச்சினைக்குப் போய்விட்டார்.

இது போன மாதம் கல்முனையில், ஜெமீல் காக்காவின் ரேடியோக் கடையில் நடந்தது. கண்ணாடி அலுமாரிக்குள் இரண்டு மீற்றர்கள் இருந்தன. ஒன்று கறுப்புப் பெட்டி. அரைவட்டக் கண்ணாடிக்குள் ஒரு முள்ளு ஆடும். மற்றது மஞ்சள் பெட்டி. முள்ளு இல்லை, இலக்கம் ஓடும். இரண்டிலிருந்தும் ஒரு சிவப்பு வயர், ஒரு கறுப்பு வயர். வயரின் முனையில் பேனா மாதிரி ஒரு பிடி, பிடியின் முனையில் ஒரு கம்பி. அதைத்தான் புரோப் என்கிறார்கள். அளக்கவேண்டிய சாமானில் அதை வைத்தால் மீற்றர் கணக்குச் சொல்லும்.

"எது நல்லம்?" என்றேன்.

"ரெண்டும் நல்லம்."

"எது திறம்?"

"முள்ளு மீற்றர்ல ஆட்டம் தெரியும். இலக்க மீற்றர்ல கணக்குத் தெரியும். உங்களுக்கு ஆட்டம் வேணுமா, கணக்கு வேணுமா?"

நீங்களே சொல்லுங்கள்... இதற்கு ஒரு மனிதன் என்ன பதில் சொல்வான்?

கந்தோரில் இத்தனை வருடம் பேனா பிடித்தவனுக்கு மீற்றர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் என் மனைவி சுபைதாவின் காது. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்குக் காது அடைத்துப்போனது. சவூதியில் வேலை செய்த அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், ஒரு மெஷின் கொண்டுவந்து கொடுத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. சட்டையில் கிளிப் போட்டுக்கொள்ளலாம். அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று காதுக்குப் போகும். வருடக்கணக்காக எங்கள் வீட்டின் சந்தோசமும் சண்டையும் அந்த வயர் வழியாகத்தான் அவளுக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்த மெஷின் ஒருநாள் பேசாமல் நின்றுவிட்டது. புதுப் பெட்டரி போட்டேன். ம்ஹும்.

வேறு நேரமென்றால் கொழும்புக்குக் கொடுத்தனுப்பிவிட்டுக் காத்திருக்கலாம். அப்படி ஒருமுறை அனுப்பித்தான், அது எப்போது திரும்பி வருமென்று ஒரு நோன்பு காலம் முழுவதும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது அதற்கு நேரமில்லை. எங்கள் ஒரே மகள் பஸீனாவின் கலியாணம் கிட்டிவிட்டது.

கலியாணத்துக்கும் காது மெஷினுக்கும் என்ன சம்பந்தம்? நானும் சுபைதாவிடம் அப்படித்தான் கேட்டேன். காகிதத்தில் எழுதிக் காட்டவேண்டியதில்லை; என் உதட்டைப் பார்த்தே விளங்கிக்கொள்வாள். அதில் அவள் கெட்டிக்காரி. நான் முணுமுணுப்பதுகூடத் தப்பாது.

"நிக்காஹ்வுக்கு முந்தி நீங்க உள்ளுக்கு வந்து மகள்ட்டச் சம்மதம் கேப்பீங்கதானே?" என்றாள். அவளுக்குத் தன் குரல் தெரியாததால் சத்தமாகத்தான் பேசுவாள். "அவள் சொல்றத நான் கேக்கணும்."

"நீதான் உதட்டைப் பார்த்து விளங்குவியே."

"உதட்டப் பாத்தா என்ன சொல்றாள் எண்டு விளங்கும். என்ன மனசோட சொல்றாள் எண்டு விளங்குமா? அது கொரல்லதான் இரிக்கி."

அது எனக்கும் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டிருந்த விசயம். மாப்பிள்ளை பேசி முடித்த நாளிலிருந்து பஸீனா கதைப்பதைக் குறைத்துவிட்டாள். விருப்பமா என்று கேட்டால், "உங்கட விருப்பம் வாப்பா" என்கிறாள். இது ஓமா, இல்லையா? எனக்கு விளங்கவில்லை. பெற்ற வயிறு அதைவிடத் தவித்தது. மகளுக்கு விருப்பமில்லையென்றால் சபை கூடிய பிறகாவது நிறுத்திவிடவேண்டும் என்பதில் சுபைதா உறுதியாக இருந்தாள். விருப்பமா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இருந்த ஒரே வழி, செத்துக்கிடந்த அந்தப் பெட்டிதான்.

ஜெமீல் காக்கா மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "ரேடியோ எண்டா செய்வன் சேர். இதுக்குள்ள நான் ஈயம் ஒட்டுற அயன வெச்சா பக்கத்துல இரிக்கிறதெல்லாம் உருகிப் போகும். நீங்க ஆறுதலா ஒவ்வொண்டா அளந்து பாருங்க. எது பழுது எண்டு சொல்லுங்க, அத மட்டும் மாத்துவம்."

அத்தோடு நான் கறுப்பு மீற்றரை வாங்கினேன். ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று பிறகுதான் விளங்கியது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் காதுக்குப் போகும் வயரை அளந்தேன். ஒழுங்கு அதுதானே — வெளியே இருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போகவேண்டும். வயரின் ஒரு முனையைச் சிவப்புப் புரோப்போடும் மறு முனையைக் கறுப்புப் புரோப்போடும் சேர்த்து விரலால் அழுத்திப் பிடித்தேன். முள்ளு எழும்பியது. ஆகவே வயர் நல்லம். பழுது பெட்டிக்குள்தான்.

இந்த இடத்தை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட்டேன்.

உள்ளே போனால், ஜெமீல் காக்கா சொன்ன புரோப் பிரச்சினை காத்துக்கொண்டிருந்தது. புரோப்பின் கம்பி ஈர்க்கில் தடிப்பம். பெட்டிக்குள் இருக்கும் சாமான்களோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பெருநாள் தொழுகை வரிசை மாதிரி நெருக்கமாக நின்றன. ஒன்றைத் தொட்டால் மூன்றில் படுகிறது. எதை அளக்கிறேன்?

சுபைதா பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் கலியாணச் சட்டைக்கு மணி தைத்துக்கொண்டிருந்தவள், ஊசிப் பெட்டியிலிருந்து இரண்டு ஊசிகளை எடுத்து நீட்டினாள். ஊசியைப் புரோப்பின் கம்பியோடு சேர்த்து மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டினேன். கூரான முனை கிடைத்துவிட்டது. பிடிப்பதற்குத்தான் வசதியில்லை. ஊசியைப் பிடித்துக்கொண்டுதான் அளக்கவேண்டும். பரவாயில்லை... எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு புரோப் இருக்கிறது? நான் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

உள்ளே ரெசிஸ்டர் என்று ஒன்று. மின்சாரத்தை இவ்வளவுதான் போகலாம் என்று மறிக்கிற சாமான். அது இருநூற்றி இருபது 'கே' காட்டவேண்டும் என்று, அதன் நிறக் கோடுகளைப் பார்த்து ஜெமீல் காக்கா சொல்லியிருந்தார். அதன் ஒரு காலை மட்டும் கழற்றி அளக்கவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அப்படியே செய்தேன். காலையில் அளந்தால் நூற்றைம்பது. லுஹர் தொழுகைக்குப் போக முன்னர் அளந்தால் அறுபது!

பிடித்துவிட்டேன் கள்ளனை!

சைக்கிளில் கடைக்கு ஓடி, புது ரெசிஸ்டர் ஒன்று வாங்கிவந்தேன். போடுவதற்கு முன் அதையும் அளந்து பார்ப்போமே என்று அஸர் தொழுகைக்கு முன் உட்கார்ந்தேன். அதுவும் அறுபது.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவேண்டாம். மறுநாள் கடை திறக்கும்போதே நான் வாசலில் நின்றேன்.

"பழுதான சாமானத் தந்திரிக்கீங்க காக்கா!"

ஜெமீல் காக்கா ரெசிஸ்டரை வாங்கி, தன் மேசையிலிருந்த மீற்றரில் வைத்தார். இருநூற்றி இருபது.

"நல்லம்தானே சேர்?"

வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்தேன். பழுது.

கடையில் நல்லம், வீட்டில் பழுது! சில மாப்பிள்ளைமாரைப் பற்றி மாமியார்மார் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு ரெசிஸ்டரைப் பற்றிக் கேட்டதில்லை. எனக்குத் தலை சுற்றியது. மீற்றர் பழுதா? சாமான் பழுதா? ஊசி பழுதா? எனக்கே ஏதும் பழுதா?

பாண்டிருப்பில் சிவநேசன் என்று ஒரு நண்பர். என்னோடு கந்தோரில் வேலை செய்தவர். வீட்டில் எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டே இருப்பார். அவரிடம் போனேன்.

"முதல்ல வயரப் பாத்தீங்களா?" என்று கேட்டார் சிவநேசன்.

"பார்த்தேன். வயர் நல்லம்."

"அப்ப உங்கட மீற்றர்ல பெட்டரி இறங்கியிருக்கும். இல்லாட்டி முள்ளு மீற்றர நம்பேலாது. என்ட இலக்க மீற்றரக் கொண்டு போங்க. அது பொய் சொல்லாது."

முள்ளு மீற்றரை நம்பமுடியாது என்றால் எனக்கு ஏன் அதை விற்றார்கள்? கேட்கவில்லை. மஞ்சள் மீற்றரைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினேன்.

வழியில் ராணுவத்தின் காவலரண், சென்றிப் பொயின்ற். பையைத் திறக்கச் சொன்னார்கள். சிவப்பு வயர், கறுப்பு வயர், இலக்கம் ஓடுகிற பெட்டி... அதை வெளியே எடுத்தபோதுதான் நான் என்ன காரியம் செய்கிறேன் என்று எனக்கே உறைத்தது. காலம் கெட்ட காலத்தில் இப்படி ஒரு சாமானைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவன் புத்தியுள்ளவனா?

"மே மொகத்த?" என்றார் இளம் ராணுவச் சிப்பாய். இது என்ன என்று கேட்கிறார்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் காது மெஷின் இல்லை. காதைத் தொட்டுக் காட்டினேன். மீற்றரைக் காட்டினேன். மறுபடியும் காதைத் தொட்டேன். அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். கடைசியில் அவருடைய டோர்ச்சைக் காட்டி, அதன் பெட்டரியை வாங்கி, இரண்டு புரோப்பையும் வைத்தேன். இலக்கம் வந்தது. சிப்பாயின் முகம் மலர்ந்தது. உள்ளே ஓடிப்போய், ரேடியோவில் கிடந்த பெட்டரிகளையும் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் வரிசையாக அளந்து, நல்லது ஒரு பக்கம், செத்தது ஒரு பக்கம் வைத்துக் கொடுத்தேன். பின்னால் சைக்கிள்கள் வரிசையில் நின்றன. போகலாம் என்று கை காட்டினார்.

ஒன்று மட்டும் உறுதி: சிவநேசனின் மீற்றர் பொய் சொல்லவில்லை. சிப்பாயின் பெட்டரிகளை ஒழுங்காகத்தான் அளந்தது.

அதே மீற்றர் வீட்டில் என்ன செய்தது தெரியுமா? அறுபது, அறுபத்தைந்து, ஐம்பத்தெட்டு, எழுபது... இலக்கம் ஓரிடத்தில் நிற்கவில்லை. முள்ளு மீற்றராவது பொய்யை ஓரிடத்தில் நின்று சொன்னது!

நான் மீற்றரை மேசையில் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தேன். கலியாண வீட்டுக்குப் பந்தல் கட்டத் தடிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பஸீனா வாசலால் போனாள். சுபைதா அவளிடம் என்னவோ கேட்டாள். அவள் ஒரு புன்னகையோடு தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். இந்தத் தலையாட்டலைத்தான் நிக்காஹ் அன்றைக்கும் சுபைதா பார்க்கப்போகிறாள் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வந்தது.

மறுநாள் லுஹர் நேரம். தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ செய்துவிட்டு, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை வழக்கம்போல மீற்றரோடு உட்கார்ந்தேன். எனக்கு அமைதி கிடைக்கிற நேரம் அது ஒன்றுதான். சிவநேசனின் மீற்றரோடு கோபித்துக்கொண்டு, என் பழைய முள்ளு மீற்றரையே எடுத்திருந்தேன். எதிரே சுபைதா மணி தைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தலையை நிமிர்த்தினாள்.

"இஞ்சப் பாருங்க, நீங்க வுழூ செஞ்சிட்டு வந்தாத்தான் அந்த முள்ளு இப்படித் துள்ளுது."

"என்ன?"

"காலையில சும்மா இரிந்து பாக்கக்குள்ள இவ்வளவு துள்ளல்ல. நானும் எத்தினையோ நாளாப் பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன். கையத் தொடச்சிட்டுப் பாருங்களன்."

வுழூ செய்த தண்ணீரை நான் துடைப்பதில்லை. அது தானாகக் காயவேண்டும் என்று சின்ன வயதிலிருந்து பழக்கம். எங்கள் ஊரில் பலரும் அப்படித்தான். முழங்கையால் தண்ணீர் சொட்டச் சொட்டத்தான் பள்ளிவாசலுக்குப் போவோம். அந்தக் கையோடுதான் நான் ஊசியைப் பிடித்தேன். வெறும் இரும்பு ஊசி, இரண்டு கையிலும் ஒவ்வொன்று.

சுபைதா எழும்பிப்போய், கொடியில் கிடந்த இரண்டு மரக் கிளிப்புகளைக் கொண்டுவந்தாள். ஊசியையும் ரெசிஸ்டரின் காலையும் சேர்த்துக் கிளிப்பைப் போட்டாள். நான் கையை எடுத்தேன்.

இருநூற்றி இருபது.

கிளிப்புகளைக் கழற்றிவிட்டு, ஒரு ஊசியை இந்தக் கையிலும் மற்றதை அந்தக் கையிலும் பிடித்தேன். முள்ளு துள்ளி எழும்பியது. இடையில் ஒரு சாமானும் இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

அதாவது, இத்தனை நாளும் அந்த மீற்றர் அளந்தது என்னையும் சேர்த்துத்தான். என் உடம்பு வழியாகவும் மின்சாரம் போயிருக்கிறது. கை ஈரமாக இருந்தால் இன்னும் தாராளமாக. ஜெமீல் காக்கா பாவம். சிவநேசன் பாவம். எந்த மீற்றர் நல்லம், எந்தப் புரோப் நல்லம் என்று ஊர் முழுக்க விசாரித்தேனே... விசாரித்தவனின் கையை யார் பார்த்தது?

யோசித்துப் பார்த்தால், மாப்பிள்ளை விசாரித்ததும் இப்படித்தான். நெல் வியாபாரி ஒருவரைக் கேட்டேன்: "பொடியன் விடியவே எழும்புவான்." மௌலவி ஒருவரைக் கேட்டேன்: "ஜமாஅத்துத் தொழுகை தவறாது." கிரிக்கெட் விளையாடும் ஒருவரைக் கேட்டேன்: "பந்து போட்டானெண்டா பாக்கணும்!" ஒவ்வொருவரும் தங்களைச் சேர்த்துத்தான் அளந்து சொல்லியிருக்கிறார்கள். நான் மட்டும் என்ன? பொடியன் புத்தகம் வாசிப்பானா என்றுதான் துருவித் துருவிக் கேட்டேன். கட்டிக்கொள்ளப் போகிறவளைத்தான் யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை.

சரி, கள்ளன் என்று பிடித்த ரெசிஸ்டரும் நல்லம் என்றால் மெஷின் ஏன் பேசவில்லை?

அப்போதுதான் எனக்கு அந்த வயர் ஞாபகம் வந்தது. முதல் நாளே விரலால் அழுத்திப் பிடித்து, நல்லம் என்று தீர்ப்புச் சொன்ன வயர். அன்றைக்கும் கடையிலிருந்து வந்து அஸருக்கு வுழூ செய்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன்.

கிளிப்பை வயருக்குப் போட்டேன். கையை எடுத்தேன்.

முள்ளு அசையவில்லை.

வயரைத் திருப்பினேன், நீட்டினேன், மடித்தேன். அசையவே இல்லை. உள்ளே அறுந்திருந்தது. சுபைதா தினமும் முக்காட்டுக்குள் மடித்துச் செருகுகிற இடம். பாங்கு சொல்லிவிட்டார்கள். தொழுதுவிட்டு வந்ததும் வராததுமாக வயரையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். ஜெமீல் காக்கா வயரை வாங்கிப் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்தார்.

"வயர் நல்லம் எண்டுதானே சேர் சொன்னீங்க?"

"அப்ப நல்லமாத்தான் காட்டினது."

அறுந்த இடத்தை வெட்டிவிட்டு, முனையை மறுபடி ஒட்டித் தந்தார். தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. வயர் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. பெட்டியை இனி மேலே, தோளுக்குக் கிட்டத்தான் மாட்டவேண்டும். பரவாயில்லை. கழற்றிவைத்த ரெசிஸ்டரின் காலையும், பக்கத்தில் எதையும் உருக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரே ஒட்டித் தந்தார்.

வீட்டுக்கு வந்து மாட்டிவிட்டேன். "கேட்குதா? சுபைதா! கேட்குதா?"

"ஏன் இப்படிக் கத்துறீங்க?" என்றாள்.

போன வெள்ளிக்கிழமை நிக்காஹ். இரண்டு சாட்சிகளோடு நான் அறைக்குள் போனேன். உள்ளே பெண்கள் கூட்டம். வெளியே பந்தலில் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் அழுதன. குசினியில் சட்டி உருண்டது. பஸீனா முக்காட்டைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சுபைதா, தோளில் பெட்டியோடு, குட்டை வயர் இழுப்பதால் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு.

மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, "உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கிறதுக்கு உனக்குச் சம்மதமா மகள்?" என்று கேட்டேன்.

சுபைதா மகளின் உதட்டைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் இல்லை என்று சொன்னால், வெளியே இருக்கிற அத்தனை பேருக்கும் நான் என்ன பதில் சொல்வேன் என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு, சொல்லத்தானே வேண்டும் என்று நினைத்தேன்.

முக்காட்டுக்குள் பஸீனாவின் உதடு அசைந்தது.

சுபைதா கண்ணைத் திறந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். அறை முழுக்கக் கேட்கும்படி, அவளுடைய வழக்கமான குரலில் சொன்னாள்:

"சம்மதமாம்! மனசு நிறைஞ்சுதான் சொல்றாள், புள்ள!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பஸீனா உம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சாட்சிகள் இருவரும், உங்களுக்கும் கேட்டதா என்பதுபோல என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

எனக்கு இரண்டு காதும் நல்ல சுகம் — அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒன்றுமே கேட்கவில்லை.